கார் ஷெட்டில் மாடல் விமானம்: சாரலுக்கும் சித்திரைச் சூட்டுக்கும் தாங்குற மாதிரி எப்படி வைக்கிறது?

மேற்கு_வாசல்
ஊர் செங்கோட்டை. வீட்டை ஒட்டின கார் ஷெட், 10க்கு 18 அடி. மூணு பக்கமும் சாலிட் பிளாக் சுவர், மேலே தகர ஷீட். கூரை மேற்கே 8 அடி, கிழக்கே 10 அடி உயரம். உள்ளே ஒரு காரும் ஸ்கூட்டரும் நிற்கும். வைக்க வேண்டியது மூணு:

1. 1.4 மீட்டர் ஈபிஓ (அச்சில் வார்த்த ஃபோம்) ட்ரெய்னர், கரண்ட் மோட்டார். இறக்கை ஒரே துண்டு.
2. 63 இன்ச் பால்சா (லேசான மரம்) ஹை விங், .46 கன இன்ச் குளோ இன்ஜின், மெத்தனால்ல ஓடுறது. இதுவும் ஒரே துண்டு இறக்கை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுறது.
3. டெப்ரான் ஃபோம் ஷீட்டில் வெட்டின டெல்டா (முக்கோண இறக்கை).

இப்போ மூணும் சுவரில் சாய்ஞ்சு நிக்குது. ஈபிஓ இறக்கையில் லேசா திருகல் தெரியுது, பால்சா இறக்கை மேல ஒட்டின பிளாஸ்டிக் ஃபிலிம் சுருங்கியிருக்கு. ஆனி பிறந்தா ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் சாரலும் நேரா ஷெட்டுக்குள்ளேதான் வரும். என்ன பண்ணலாம்?

ரிப்_நம்பர்7
முதல்ல சாய்ச்சு வைக்கிறதை இன்னைக்கே நிறுத்துங்க. ஒரு முனை தரையில, ஒரு முனை சுவரில இருந்தா எடை முழுக்க நடு இறக்கையை முறுக்கும். தகரத்துக்குக் கீழே சித்திரை மதியச் சூட்டில் ஈபிஓ இளகும். அந்த முறுக்கு அப்படியே படிஞ்சிடும். பறக்கவிட்டா ஒரு பக்கமாவே சாயும், ரிமோட்ல ட்ரிம் போட்டு நேராக்கினாலும் வேகம் மாறுறப்போ திரும்ப வரும்.

மேற்குச் சுவரைத் தொடாதீங்க, சாரல்ல அது வேர்த்துக்கிட்டே இருக்கும். கிழக்குச் சுவர் சரி. உயரம் தரையிலிருந்து 6 அடி. கார் கதவு திறந்தாலும் இடிக்காது, தகரத்துக்கும் 4 அடி இடைவெளி கிடைக்கும். சூடான காத்தெல்லாம் கூரையை ஒட்டித்தான் நிக்கும், அதனால கூரையிலிருந்து தொங்கவிடுற யோசனை வேண்டாம். காரோட பானட்டுக்கு நேர் மேலேயும் வேண்டாம், ஓடிட்டு வந்து நின்ன இன்ஜின் அரை மணி நேரமாவது சூடு விடும்.

இறக்கைக்கு ஒவ்வொண்ணுக்கும் 8 இன்ச் இரும்பு ஷெல்ஃப் பிராக்கெட் ரெண்டு, 8 மி.மீ. ராவல் பிளக். 3 இன்ச் பிவிசி பைப்பை 6 இன்ச் நீளத்துக்கு அறுத்து, நெடுக்கே ரெண்டாப் பிளந்தா ரெண்டு தொட்டில் வரும். பிராக்கெட் மேலே ஒண்ணொண்ணா, சுவருக்கு இணையா ஸ்க்ரூ பண்ணுங்க. ஸ்க்ரூ தலை மேலே துருத்தக்கூடாது. உள்ளே பழைய போர்வைத் துணியை ரெண்டு மடிப்பா ஒட்டுங்க. இறக்கையோட முன் விளிம்பு கீழே, பின் விளிம்பு மேலே. ஏலரான் (பின் விளிம்பில் அசையுற பலகை) மேல எடை விழவே கூடாது.

ரெண்டு தொட்டிலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்ங்கறதுதான் முக்கியம். இறக்கை நீளத்தில் 56 சதவீதம். 1.4 மீட்டருக்கு 78 செ.மீ., 63 இன்சுக்கு 90 செ.மீ. நெருக்கமா வச்சா முனைகள் தொங்கும், அகலமா வச்சா நடு தொய்யும். மேலே ஒரு நாடாவைத் தளர்வா சுத்தி சுவரில் மாட்டிடுங்க, ஆடிக்காத்தில் கவிழாது.

உடம்பை மூக்கு மேலே, வால் கீழேன்னு தொங்கவிடலாம். ரெண்டு விமானத்துக்கும் இதே போதும்.

தூசிக்கு பாலிதீன் கவர் போடாதீங்க. ராத்திரி குளிர்ந்ததும் உள்பக்கம் தண்ணி கோத்துக்கும். பழைய நாலு முழ வேட்டி ஒண்ணு ஒரு இறக்கைக்குப் போதும், காத்தும் போய் வரும்.

ஃபிலிம் சுருக்கத்தை இப்போ அயர்ன் பண்ணலாம், ஆனா சாரல் நாள்ல பண்ணாதீங்க. ஈரத்தில் பால்சா உப்பியிருக்கும், அப்போ இழுத்து ஒட்டினா காய்ஞ்சதும் மறுபடி சுருங்கும். நல்லா வெயில் அடிச்ச ரெண்டு மூணு நாளைக்கு அப்புறம் மேலேயும் கீழேயும் மாத்தி மாத்திச் சூடு காட்டுங்க. ஒரே பக்கம் இழுத்தா அந்தப் பக்கமே இறக்கை வளையும். ரப்பர் பேண்டைக் கழட்டி டால்கம் பவுடர் டப்பாவில் போட்டு வைங்க, கட்டினபடியே விட்டா இறக்கையோட பின் விளிம்பை அமுக்கி நசுக்கும்.

அடுப்புப்_புகை
மேலே அண்ணாச்சி சொன்னதில் ஒண்ணு மட்டும் மாத்தணும். மூக்கு மேலே தொங்கவிடுறது கரண்ட் விமானத்துக்கு ஓகே (புரொப்பெல்லரைப் பிடிச்சுத் தொங்கவிடாம, மூக்கைச் சுத்தி நாடா போட்டு). குளோவுக்குக் கூடாது. இன்ஜின்ல மிச்சமிருக்கிற எண்ணெய் பின்னாடி இறங்கி ஃபயர்வால் (இன்ஜினைத் தாங்குற முன் பலகை) மரத்தில் ஊறும். ஊறின மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. கொஞ்ச நாள்ல இன்ஜின் மவுண்ட் ஆட ஆரம்பிக்கும்.

நாடாக் கட்டில் நாடா இருக்குல்ல, அதில் ரெண்டு ஊஞ்சல் பண்ணுங்க. ஒண்ணு ஃபயர்வாலுக்குப் பின்னாடி, இன்னொண்ணு வால் இறக்கைக்கு ஒரு ஜாண் முன்னாடி. முன்பக்கம் ரெண்டு இன்ச் தாழ்வா இருக்கட்டும். சைலன்சர் வாய்க்கு நேரா கீழே ஒரு தேங்காய் எண்ணெய் டப்பா மூடி வச்சா சொட்டுறது தரையில விழாது.

சாரல் சீசனுக்கு மூடி வைக்கிறதுக்கு முன்னாடி: டேங்க்கைக் காலி பண்ணுங்க. இன்ஜின் ஓடும்போதே ஃப்யூயல் ட்யூபை உருவி, தானா நிற்கவிடுங்க. அப்புறம் கார்பரேட்டர்ல நாலு சொட்டு, பிளக் ஓட்டையில நாலு சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் (துரு பிடிக்காம இருக்க விடுற எண்ணெய்) விட்டு, கையால பத்து சுத்து. மெத்தனால் காத்திலிருக்கிற ஈரத்தை இழுக்கும், எரிபொருள்ல கலந்த நைட்ரோமீத்தேன் எரிஞ்ச கழிவில் அமிலம் இருக்கும், ரெண்டும் சேர்ந்தா முதல்ல போறது பின் பேரிங். ஏபிசி இன்ஜின்னா (பிஸ்டன் ரிங் இல்லாம, சிலிண்டர் மேலே போகப் போக இறுகுற வகை) பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்துங்க, மேலே இறுகின இடத்தில் விடாதீங்க.

குளவியை மறந்துடாதீங்க. ஷெட்ல தொங்குற எதிலயாவது பென்சில் பருமன் ஓட்டை இருந்தா மண்ணைக் கொண்டு வந்து அடைச்சிடும். டேங்க் வென்ட் ட்யூப் அடைச்சா வெளியே ஒண்ணும் தெரியாது. மேலே போனதும் டேங்க் மூச்சு விட முடியாம, கலவை லீன் ஆகி (எரிபொருள் குறைஞ்சு) இன்ஜின் நிற்கும். சைக்கிள் வால் ட்யூப் ஒரு இன்ச் வெட்டி, ஒரு நுனியை முடிச்சுப் போட்டு, வென்ட்ல மாட்டுங்க. சிவப்பு நூல் ஒண்ணு கட்டித் தொங்கவிட்டா கழட்ட மறக்காது.

எரிபொருள் கேனை ஸ்கூட்டர் பக்கத்தில் வைக்காதீங்க, பூட்டு போட்ட இடத்தில் வைங்க. மெத்தனால் தீப்பிடிச்சா பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது. குடிச்சா கண்ணும் போகும், உயிரும் போகும். பிள்ளைகள் இருக்கிற வீடுன்னா இது முதல் வேலை.

3எஸ்_2200
பேட்டரி பத்தி யாரும் கேக்கலியே. லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஷெட்லயே வேண்டாம். வீட்டுக்குள்ள குளுமையான இடம், செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட், அதாவது 3எஸ்ஸுக்கு (மூணு செல் பேட்டரி) 11.4 முதல் 11.55. சார்ஜர்ல ஸ்டோரேஜ் மோட் போட்டா தானா வந்து நிற்கும். 4.2ல முழுசா ஏத்தி தகர ஷெட்டில் மாசக்கணக்கா விட்டா உப்பும். விமானத்தில் மாட்டினபடி விட்டா இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) சொட்டுச் சொட்டா குடிச்சு 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிடும், அதுக்கப்புறம் அது பேட்டரி இல்லை.

வைக்கிறதுக்கு ஹாலோ பிளாக் போதும். அடியில ஒரு டைல்ஸ், மேலே ஒரு டைல்ஸ், சுத்தி எரியுற சாமான் எதுவும் இல்லாம. இறுக்கி மூடுற இரும்புப் பெட்டி வேண்டாம், வாயு வெளியே போக வழி இல்லைன்னா அதுவே வெடிக்கும்.

மேற்கு_வாசல்
நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். எலி, கரப்பானுக்கு ஷெட்ல அந்துருண்டை போடலாமா? ரேடியோ (ரிமோட்) வைக்கிற டப்பாவில் சிலிக்கா ஜெல் எவ்வளவு போடணும்?

ரிப்_நம்பர்7
உடம்பு விஷயத்தில் அடுப்புப்_புகை சொன்னதுதான் சரி, அப்படியே செய்ங்க.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். டெப்ரான் பாலிஸ்டைரீன் வகை, அந்துருண்டை ஆவி பட்டா மேல்பரப்பு இளகிக் குழி விழும். பெட்ரோல், தின்னர் பட்டாலும் அதே கதி, அதனால டெல்டாவை ஸ்கூட்டருக்கு எதிர் மூலையில மாட்டுங்க. இன்னொண்ணு பலருக்குத் தெரியாது: வளையுற மென்மையான பிவிசி, அதாவது ஒயர் உறை, ரெக்சின் மாதிரி, டெப்ரான் மேல மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்தா அதிலிருக்கிற பிளாஸ்டிசைசர் இறங்கி ஃபோமைக் கரைக்கும். சர்வோ (இறக்கைப் பலகைகளை அசைக்கிற குட்டி மோட்டார்) ஒயரை ஃபோம் மேல சுத்தி வைக்காதீங்க. பிவிசி தொட்டில்ல துணி போடச் சொன்னது கெட்டி பைப்புக்காக இல்லை, தழும்பு விழாம இருக்கத்தான்.

எலிக்கு மருந்து வைக்கிறதைவிட வழியை அடைக்கிறது மேல். ஷட்டருக்கு அடியில விரல் நுழையுற சந்து இருந்தா எலிக்குஞ்சு நுழையும், ரப்பர் பட்டை அடிங்க. பிராக்கெட்டுக்குக் கீழே அட்டைப்பெட்டி, சைக்கிள் எதுவும் ஏணி மாதிரி நிற்கக்கூடாது.

சிலிக்கா ஜெல்: கிளிப் மூடி போட்ட 20 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம், துணிப்பையில. நீலம் ரோஸ் ஆனா 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் ஓவன்ல வச்சா திரும்ப நீலமாகும். திறந்த ஷெட்ல கிலோக்கணக்கில் தொங்கவிட்டாலும் பிரயோஜனமில்லை, செங்கோட்டைச் சாரலை யாரும் காய வைக்க முடியாது.

3எஸ்_2200
திருகின ஈபிஓ இறக்கையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ரெண்டு பேர் பிடிச்சு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாவே முறுக்கி, கொதிக்கிற தண்ணியில முக்கிப் பிழிஞ்ச துண்டை ரெண்டு நிமிஷம் போர்த்தி, முறுக்கை விடாம ஆற விடுங்க. ஒரு தடவையில வராது, மூணு நாலு தடவை ஆகும். ஹீட் கன் காட்டினா மணி மணியா உப்பிக்கும்.