ஏர் பிஸ்டல்: குண்டு தாழ விழுது, ஸ்பிரிங் மாத்தணுமா?

கேள்வி (கும்பகோணம்): அண்ணே, 4.5 மி.மீ. பேரல் மடக்குற ஸ்பிரிங் பிஸ்டல். 10 மீட்டர்ல குண்டு ரெண்டு விரக்கடை கீழே படுது. ஸ்பிரிங் மாத்தலாமா?

பதில்: தம்பி, ஸ்பிரிங்கைத் தொடாதீங்க. பேரல் மடங்குற வாயில, காத்து கசியாம அடைக்கிற வளையத்தை (சீல்) பாருங்க. இடுக்கு மேல டிஷ்யூ பேப்பர் துண்டு வச்சு, குண்டு போட்டுச் சுடுங்க. தாள் துள்ளினா காத்து கசியுது, அந்த வளையத்தை மாத்துங்க. குண்டில்லாம சுட்டா, உள்ளே காத்தை அழுத்துற பிஸ்டன் இடிச்சு அதோட சீலும் போயிடும்.

பதில்: காத்து அறைக்குள்ள தையல் மிஷின் எண்ணெய் விடவே கூடாது. அழுத்தத்துல பத்திக்கும், புகையும், சீல் கருகும். சிலிகான் கிரீஸ் துளி போதும்.

பதில்: ஐப்பசி அடைமழையில தோல் உறையில வைக்காதீங்க, ஈரம் குடிச்சுப் பேரல் துருப்பிடிக்கும். வெளியே மட்டும் எண்ணெய்த் துணியால துடைங்க. வேகம் கூட்டுற வேலையும் வேண்டாம். குண்டு வெளியேறுற ஆற்றல் 20 ஜூல் (joule) அளவைத் தாண்டினா லைசென்ஸ் வேணும்.