மாடியில் படுத்தால் வானத்தில் ரயில் ஓடுது, மேலே அவ்வளவு கூட்டமா?

மாடிவாசி:
போன வாரம் கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டு மாடியில் படுத்திருந்தேன். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் வெளிச்சப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி மாதிரி போயின. ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் என்று தெரியும். இப்படி ஆளாளுக்கு ஏவினால் முட்டிக்கொள்ளாதா? செத்ததை எடுத்துப் போட்டால் என்ன?

ரஸ்தா_ராசா:
முட்டியாச்சு தம்பி. 2009 பிப்ரவரியில் சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அமெரிக்கச் செயற்கைக்கோள் இரிடியம் 33-ம் ரஷ்யாவின் செத்துப்போன செயற்கைக்கோள் காஸ்மாஸ் 2251-ம் மோதி, கண்காணிக்கிற அளவுத் துண்டுகளே 2,000-க்கு மேல் ஆயின. ஒவ்வொன்றும் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும், நெல்லுமணி அளவு இருந்தாலும் ஓட்டை போட்டுவிடும். துண்டு இன்னொன்றை உடைக்க, அது மேலும் துண்டாக... இதை நாசாவின் கெஸ்லர் 1978-லேயே எழுதிவிட்டார்.

பங்கு வீட்டுக்காரன்:
எடுத்துப் போடுவதுதான் சிக்கல். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி மேலே எந்த நாடும் இடம் பிடிக்க முடியாது, ஆனால் ஏவிய பொருள் செத்தாலும் அந்த நாட்டுடையதுதான், அவர்களைக் கேட்காமல் தொடக்கூடாது. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து எட்டு வருஷம், கோலாலம்பூர் பங்காளி கையெழுத்து வராமல் ஒரு ஓடுகூட மாற்றவில்லை, மழைக்கு அண்டா வைத்துப் பிடிக்கிறோம். அதே கதைதான். இதில் கூடுதலாக, அடுத்தவன் செயற்கைக்கோளைப் பிடித்து இழுக்கத் தெரிந்தவனுக்கு அதைக் கெடுக்கவும் தெரியும் என்ற பயம் வேறு.

பள்ளத்தூர் அண்ணன்:
பயம் சும்மா இல்லை. 2007-ல் சீனா தன் வானிலைச் செயற்கைக்கோளையே 865 கிலோமீட்டர் உயரத்தில் ஏவுகணையால் உடைத்தது, 3,000-க்கு மேல் துண்டுகள், நிறைய இன்னும் சுற்றுகின்றன. 2021-ல் ரஷ்யா உடைத்தபோது விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தப்பிக்கிற கலத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். நாமும் 2019 மார்ச் 27-ல் உடைத்தோம், வேண்டுமென்றே 300 கிலோமீட்டர் பக்கம். சில துண்டுகள் மேலே எகிறின, அதை மறைக்க வேண்டியதில்லை.

மாடிவாசி:
300-க்கும் 865-க்கும் அப்படி என்ன வித்தியாசம் அண்ணே?

பள்ளத்தூர் அண்ணன்:
காற்றுதான். 300-ல் லேசாகக் காற்று இருக்கு, உரசி உரசி வேகம் குறைந்து, பெரும்பாலும் சில மாதங்களில் கீழே வந்து எரிந்துவிடும். 865-ல் அது ரொம்பக் குறைவு, பல பத்தாண்டுகள் கிடக்கும். ஸ்டார்லிங்க் பெரும்பாலும் 550 பக்கமோ அதற்குக் கீழேயோ ஓடுவது, செத்தால் சில வருஷத்தில் தானே விழுந்துவிடும். அப்பத்தாவைப் பயப்படாமல் மாடியில் வடகம் காயப்போடச் சொல்.