டிக்கெட் விற்பனை நாளை முடிகிறது: ஃபுட்பாலா, பாஸ்கெட்பாலா?

பீளமேட்டுக்காரன்
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வந்து இப்போதுதான் கிளாஸ் ஆரம்பித்திருக்கிறது. யுனிவர்சிட்டி டீமின் உள்ளூர் ஆட்டங்களைப் பார்க்க மாணவர்களுக்கான சீசன் டிக்கெட் விற்பனை நாளை இரவோடு முடிகிறதாம். ரூமில் மற்ற எல்லாரும் ஃபுட்பால் வாங்கிவிட்டு, "நீயும் வாங்குடா, சேர்ந்து உட்காரலாம்" என்று நச்சரிக்கிறார்கள். எனக்கு ஃபுட்பால் என்றால் மெஸ்ஸிதான். இங்கே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்வது ஒரு மண்ணும் புரியவில்லை. பாஸ்கெட்பால் என்றால் உயிர், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. கோப்பை மேட்ச்களைப் பார்த்து வளர்ந்தவன். கையில் ஃபாரெக்ஸ் கார்டில் மிச்சமிருப்பதுதான் காசு, முதல் சம்பளத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும். சீக்கிரம் சொல்லுங்கள், தூக்கமே வரவில்லை.

டாலஸ்வாசி
தம்பி, எந்த யுனிவர்சிட்டி என்று சொல்லவே இல்லையே? நான் படித்த யூ.டி. டாலஸில் (டெக்சஸ் யுனிவர்சிட்டி, டாலஸ்) இந்தக் கவலையே கிடையாது, ஏனென்றால் ஃபுட்பால் டீமே கிடையாது. ஸ்காலர்ஷிப் கொடுத்து செஸ் ஆட ஆள் எடுப்பார்கள். டிக்கெட் செலவும் மிச்சம், தொண்டையும் மிச்சம்.

மிச்சிகன்_மாமா
ஃபுட்பால். யோசிக்கவே வேண்டாம். 2007-ல் நான் மிச்சிகன் யுனிவர்சிட்டி இருக்கும் ஆன் ஆர்பரில் வந்து இறங்கியபோது ரூமில் கட்டில்கூட இல்லை. கார்பெட்டில் போர்வையை விரித்துப் படுத்து, ரைஸ் குக்கர் சாதமும் ஊறுகாயுமாக ஓட்டினேன். செப்டம்பர் 1 அன்று முதல் மேட்ச், ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். எதிரே அப்பலாச்சியன் ஸ்டேட் என்று ஒரு சின்ன காலேஜ். காசு கொடுத்து உதை வாங்கக் கூப்பிட்டிருந்த டீம் அது. 34-32 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். கடைசி நொடிகளில் மிச்சிகன் மூன்று பாயிண்டுக்காகக் கம்பத்தை நோக்கி உதைத்த பந்தை (ஃபீல்டு கோல்) கையால் தட்டிவிட்டார்கள். வெளியே வந்த ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா எழுந்திருக்கவே மனமில்லாமல், பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். அதுவரை இந்த ஊரில் என்னிடம் பேசியவர்கள் பேங்க்காரர்கள் மட்டும்தான்.

டர்ஹம்_அக்கா
மாமா கதை நன்றாக இருக்கிறது, கேள்விக்குப் பதில் எங்கே? தம்பி, பாஸ்கெட்பால் வாங்கு. டியூக் யுனிவர்சிட்டியில் நாங்கள் பட்ட பாட்டைக் கேள். கேமரன் அரங்கில் மொத்தமே 9,314 பேர்தான் கொள்ளும். கிராஜுவேட் மாணவர்கள் செப்டம்பரில் ஒரு வீக்கெண்ட் முழுக்கக் கூடாரம் போட்டுக் கிடக்க வேண்டும். நேரம்காலம் இல்லாமல் சைரன் ஊதுவார்கள். நடுராத்திரியானாலும் எழுந்து ஓடிப்போய்ப் பதிய வேண்டும், விட்டால் அவுட். அத்தனையும் தாக்குப்பிடித்தவனுக்குக் கிடைப்பது டிக்கெட் இல்லை, டிக்கெட் வாங்கும் உரிமைக்கான குலுக்கல்! எனக்குக் குலுக்கலில் விழவில்லை, என் ரூம்மேட்டுக்கு விழுந்தது. அவளுக்கு ஆட்ட ரூல்கூடத் தெரியாது. இன்னும் ஆறவில்லை எனக்கு. உனக்கு ஆன்லைனில் பட்டனை அழுத்தினால் கிடைக்கிறது, இதில் தூக்கம் வரவில்லையாம்.

குளிருக்கு_எதிரி
நவம்பர் ஃபுட்பாலைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை பாருங்கள். வெட்டவெளி, அலுமினியம் பெஞ்சு, மூன்றரை மணி நேரம். டி.வி. விளம்பரத்துக்காக ஆட்டத்தை நிறுத்துவார்கள், கிரவுண்டில் எல்லாரும் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள், நாம் உறைந்துபோய் நிற்போம். பாஸ்கெட்பால் கூரைக்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் வீடு.

மிச்சிகன்_மாமா
கோட்டு வாங்கத் துப்பில்லாதவன் இந்த நாட்டுக்கே வந்திருக்கக் கூடாது.

பழைய_ஹெச்1பி
படிக்க வந்தாயா, பந்து பார்க்க வந்தாயா? பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, ஃபுட்பால் கோச்சுக்கோ பாஸ்கெட்பால் கோச்சுக்கோதான். 2025-ல் இருந்து ஆட்டக்காரர்களுக்கே யுனிவர்சிட்டி நேரடியாகக் காசு கொடுக்கலாம், முதல் வருடம் ஒரு காலேஜுக்கு உச்சவரம்பே 2 கோடி டாலருக்கு மேல். நீ டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட்) வேலை பார்த்து வாங்கப்போவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்.

டாலஸ்வாசி
அதுகூடப் பரவாயில்லை அண்ணா. வேறு ஊரில் இருந்தபோது ஃபுட்பால் நாளில் என் வீட்டு வாசலில் நின்ற என் காரையே தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று மட்டும் அந்தத் தெருவில் நிறுத்தக் கூடாதாம், போர்டு மரத்துக்குப் பின்னால் இருந்தது. பஸ்ஸையும் வேறு ரூட்டில் திருப்பிவிடுவார்கள், சனிக்கிழமை மளிகை வாங்கப் போனால் நடைதான்.

கறுப்பும்_தங்கமும்
எல்லாரும் அவரவர் கதையைச் சொல்லியாயிற்று. தம்பி, மூன்றே கேள்வி. எந்த யுனிவர்சிட்டி? டிசம்பரில் ஊருக்குப் போகிறாயா? இரண்டும் சேர்ந்த பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்த்தாயா?

பீளமேட்டுக்காரன்
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுப்போயிற்று. பர்டூ யுனிவர்சிட்டி, இண்டியானாவில் வெஸ்ட் லஃபாயெட். டிசம்பரில் அக்கா கல்யாணம், பரீட்சை முடிந்ததும் கிளம்பி ஜனவரியில் கிளாஸுக்குத்தான் திரும்புவேன். பேக்கேஜ் இருக்கிறது, விலையைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

கறுப்பும்_தங்கமும்
பர்டூ என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு ரகளையே வேண்டாம். நானும் அங்கேதான் படித்தேன். 2024-ல் ஃபுட்பால் டீம் 12 ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தது. நோட்ர டாம் யுனிவர்சிட்டி டீம் நம் ஊருக்கே வந்து 66-7 என்று துவைத்தது. அதே வருடம் பாஸ்கெட்பால் டீம் தேசிய இறுதிப்போட்டி வரை போய், யூகானிடம் (கனெக்டிகட் யுனிவர்சிட்டி) 75-60 என்று தோற்றது. ஏழடி நாலங்குல ஆட்டக்காரர் ஸாக் ஈடி இப்போது டீமில் இல்லை, ஆனாலும் மேக்கி அரினாவில் சத்தம் குறையவில்லை. 1967-ல் கட்டிய வட்ட அரங்கம், 14,000-க்கு மேல் ஆட்கள். எதிரணி ஃப்ரீ த்ரோ போடும்போது மாணவர் பக்கம் எழும் கூச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது.

கணக்கு இது. ஃபுட்பால் உள்ளூரில் ஆறோ ஏழோ ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை, நவம்பர் கடைசியோடு சரி. பாஸ்கெட்பால் உள்ளூரில் பதினைந்து பதினாறு வரும், நிறைய வாரநாள் இரவு. ராத்திரி லேப் இருந்தால் இடிக்கும், டைம்டேபிளைப் பார்த்துக்கொள். கல்யாணத்துக்குப் போனால் லீவில் வரும் சில ஆட்டங்கள் போகும். அவை பெரும்பாலும் சின்ன டீம்கள், அதற்காக அழ வேண்டாம். பர்டூ இருக்கும் பிக் டென் லீக்கின் பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் ஜனவரியில் இருந்து மார்ச் தொடக்கம் வரைதான். நீ பாஸ்கெட்பால் வாங்கு.

ராஸ்_ஏட்_ரசிகன்
ஒரு நிமிஷம். 2018 அக்டோபரில் இரண்டாம் ரேங்கில் இருந்த ஓஹையோ ஸ்டேட்டை பர்டூவின் இதே ராஸ்-ஏட் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் 49-20 என்று வீழ்த்தினோம். ராத்திரி ஆட்டம், மாணவர்கள் மொத்தமும் கிரவுண்டுக்குள் இறங்கிவிட்டார்கள். அதை மேக்கியில் பார்க்க முடியுமா? ரூல் புரியவில்லை என்பதெல்லாம் சாக்கு. நாலு வாய்ப்பில் பத்து கெஜம் நகர வேண்டும், நகர்ந்தால் மறுபடி நாலு வாய்ப்பு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆட்டம் விளங்கிவிடும்.

கறுப்பும்_தங்கமும்
மறுக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பாஸ்கெட்பால் சீசன் எடுத்துவிட்டு, ஃபுட்பாலுக்கு ரூம்மேட்களோடு ஒரே ஒரு நாள் போ. வர முடியாதவர்கள் டிக்கெட்டை விற்பார்கள், செப்டம்பர் வெயிலிலேயே பார்த்துவிடு. ஆனால் முன்பின் தெரியாதவனுக்கு, பேங்க் வழியாக உடனே பணம் அனுப்பும் ஸெல்லில் (Zelle) காசு அனுப்பிவிடாதே, போனால் போனதுதான். மாணவர் டிக்கெட்டை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று டிக்கெட் ஆபீஸில் கேட்டு, டிக்கெட் உன் போனுக்கு வந்தபிறகு காசு கொடு. கை காய்ந்திருக்கும் மாதத்தில் பெண்கள் வாலிபாலுக்குப் போ. ஹாலோவே ஜிம் சின்ன இடம், பந்து அடிக்கும் சத்தம் காதிலேயே விழும். பெண்கள் பாஸ்கெட்பாலும் மேக்கியில்தான். 1999-ல் தேசிய சாம்பியன் ஆன டீம், அதையும் விடாதே.

பீளமேட்டுக்காரன்
பாஸ்கெட்பால் வாங்கிவிட்டேன் அக்கா! ரூமில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். லேப்டாப் பையோடு நேராக கிளாஸில் இருந்து மேட்ச்சுக்குப் போகலாமா?

கறுப்பும்_தங்கமும்
வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பையை ரூமில் வைத்துவிட்டுப் போ. ஸ்டூடண்ட் ஐ.டி., சார்ஜ் உள்ள போன், கார்டு, இது போதும். நல்ல இடம் வேண்டுமென்றால் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நில், ஜனவரியில் அந்த வரிசை வெளியேதான் நிற்கும்.

குளிருக்கு_எதிரி
தெர்மல் வாங்கிக்கொள் தம்பி. மாமாவிடம் கேட்காதே.