பின் சக்கர அலைன்மென்ட்: இடது பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது

வண்டி 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல், 165/80 ஆர்14 டயர். ஓட்டம் கோயம்புத்தூர் - பொள்ளாச்சி சாலையில். போன மழைக்காலத்தில் இடது பின் சக்கரம் பெரிய குழியில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை.

அந்த டயரில் வெளி விளிம்பில் 5 மி.மீ. பட்டன் (டயர் மேல் உள்ள ரப்பர் கட்டைகளின் உயரம்) இருக்கிறது, உள் விளிம்பில் 2 மி.மீ.கூட இல்லை. கையால் தடவினால் ரம்பப் பல் மாதிரி ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் குத்தும். நேர்ரோட்டில் ஸ்டீயரிங்கும் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பியே நின்றது.

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் அளவு: பின் இடது டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) வெளிப்பக்கம் 0.50 டிகிரி, வலது உள்பக்கம் 0.10, த்ரஸ்ட் ஆங்கிள் (பின் சக்கரங்கள் நோக்கும் திசை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து விலகும் கோணம்) 0.30. கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். முன் டோவைச் சரிசெய்து ஸ்டீயரிங்கை நடுவில் வைத்தார்கள், தேய்மானம் நிற்கவில்லை.

டயரை இடம் மாற்றிப் பார்த்தாச்சு, அந்த இடத்துக்கு வந்த டயரும் அதேபோல் தேய்கிறது. ரிம் கோணல் இல்லை, பேரிங்கில் ஆட்டம் இல்லை, ஆக்சில் ரப்பர் புஷ் கிழியவில்லை, காற்றும் சரியான அளவு.

பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புச் சட்டம்) என்பதால் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ஒரு பட்டறையில் ஜாக்கி வைத்து பீமை நெம்பி நிமிர்த்தலாம் என்றார்கள். வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடலாம், எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஸ்டப் ஆக்சிலுக்கும் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) பீமுக்கும் நடுவில் சரிவு ஷிம் (ஒரு பக்கம் மட்டும் தடித்த மெல்லிய தகடு) வைத்து இந்த அரை டிகிரியை எடுத்தால் நம் ரோட்டில் தாங்குமா, இல்லை பீமையே மாற்றுவதுதான் வழியா?