70 வயதில் தொடைத் தசை கரையுது: பவுடர் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, 70 கிலோ. தினமும் நடக்கிறார், ஆனாலும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியலை. புரதப் பவுடர் மட்டும் போதுமா?

பதில் 1: போதாதுங்க. நடை இதயத்துக்கு நல்லது, தொடைக்கு அது பெரிய பளுவே இல்லை. வாரம் 2–3 நாள், இடையில் ஒரு நாள் விட்டு, உட்கார்ந்து எழும் பயிற்சி: 8–12 முறை, 3 சுற்று. இறங்க 3 விநாடி எடுக்கணும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. கை ஊன்றாமல் முடியலைன்னா, கெட்டியான மெத்தை போட்டு இருக்கையை உயர்த்துங்க. 12 சுலபமானதும் உயரத்தைக் குறைங்க. நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்கட்டும்.

பதில் 2: புரதம் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1–1.2 கிராம், அவருக்கு 70–84 கிராம். எல்லாத்தையும் இரவில் கொட்டாதீங்க. வயதான தசை சின்ன அளவுக்கு அசையாது. வேளைக்கு 25–30. கோட்டை விடுவது பெரும்பாலும் காலையில்தான்.

கேட்டவர்: அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டும் அளவு) கொஞ்சம் கூடுதல்.

பதில் 2: அப்போ புரத அளவைச் சிறுநீரக மருத்துவர் சொல்லட்டும். பவுடர் டப்பாவை இப்போதைக்குத் திறக்காதீங்க.