புதுப்பிப்பு: ஷெட்லாந்து மட்டக்குதிரையும் மேய்ச்சல் வாய்க்கூடையும்

இங்கிலாந்தின் டெவனில் நாங்கள் வளர்க்கும் ஷெட்லாந்து மட்டக்குதிரை வசந்தகாலப் புல்லால் பெருத்து, குளம்பு அழற்சி வரும் நிலையை எட்டியதையும், குறைவாக மேய்வதற்காக வாயில் மாட்டிய, அடியில் சிறு துளையுள்ள வாய்க்கூடையை வேலிக்கம்பத்தில் தேய்த்துக் கழற்றிவிடுவதையும் ஏப்ரலில் இங்கே எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, துளை வழியே புல்லைக் கையால் ஊட்டி, முதல் நாள் கால் மணி நேரத்தில் தொடங்கி, ஒரு வாரத்தில் படிப்படியாக நேரத்தைக் கூட்டச் சொன்ன யோசனைதான். மேய்ச்சல் நேரத்தை மட்டும் குறைத்தது உதவவில்லை; கிடைத்த மூன்று மணி நேரத்திலேயே அவசரமாக மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொண்டது. இப்போது பகலில் எட்டு மணி நேரம் வாய்க்கூடையுடன் மேய்கிறது. இரவில் அதைக் கழற்றிவிட்டு, சர்க்கரை கரைந்து வெளியேறும்படி நீரில் ஊறவைத்த உலர்புல்லை அளந்து கொடுக்கிறோம். பத்து வாரங்களில் மார்புச் சுற்றளவு 6 செ.மீ. குறைந்து, கழுத்து மேட்டின் இறுகிய கொழுப்பும் தளர்ந்துள்ளது.

நான் எதிர்பாராதது ஒன்று: ஒட்ட மேய்ந்த வயலின் குட்டைப் புல் துளைக்குள் நுழையவே இல்லை. குதிரை தவித்ததற்கும் வாய்க்கூடையைத் தேய்த்ததற்கும் அதுவே பெருங்காரணம் என்று நினைக்கிறேன், ஏனெனில் 10 செ.மீ. உயரப் புல்லுள்ள வயலுக்கு மாற்றியதும் தேய்ப்பது நின்றுவிட்டது. வாய்க்கூடையைத் தலையில் கட்ட, எங்காவது சிக்கினால் அறுந்துவிடும் தலைவாரையே பயன்படுத்துகிறோம். மூக்குத்தோல் உரிந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கிறோம்.