“எங்கட குடும்பம்” குழு: சித்திரை வருசத்துக்கு முந்தி பேதி

பெரியம்மா: வாற சனி, 11ஆந் திகதி, எல்லாரும் இஞ்ச வந்திருங்க. செவ்வாய் வருசம். அதுக்கு முந்தி வயிறு கழுவிரணும். ஆமணக்கெண்ணெய் ரெண்டு போத்தல் வாங்கி வச்சிரிக்கன். பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

கொழும்பு அண்ணா: நாங்க வெள்ளி இரவு மெயிலில வாறம் அம்மா. இறங்கின உடனேயா?

பெரியம்மா: வெறும் வயித்தோட வாங்க.

தங்கச்சி: பெரியம்மா, அண்ணிக்கு மட்டும் குடுக்க வேணா

பெரியம்மா: ஏன்? அவளுக்கு என்ன?

தங்கச்சி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஆரையம்பதி சித்தி: என்னத்தப் புள்ள அழிச்ச?

கொழும்பு அண்ணா: அம்மா, இப்ப கோல் எடுக்கன்.

கல்லடி மாமா: அக்கா, அந்தப் போத்தல ஒருக்கா படம் எடுத்துப் போடுங்க.

பெரியம்மா: (படம்)

பெரியம்மா: மகனோட கதைச்சன். மாமாங்கப் பிள்ளையாரே! மருமகளுக்கு ஒண்டும் குடுக்கல்ல. இளநியும் கஞ்சியுந்தான்.

ஆரையம்பதி சித்தி: அப்பிடியா கா!! சந்தோசம் சந்தோசம்

கல்லடி மாமா: நல்ல செய்தி. ஆமணக்கெண்ணெய் கர்ப்பப்பையையும் சுருக்கும், அதால எந்த மாதத்திலயும் கூடாது. இப்ப போத்தலுக்கு வாறன். இது விளக்கேத்த விக்கிற எண்ணெய், லேபல்லயே அப்பிடித்தான் போட்டிரிக்கு. ஆமணக்கங்கொட்டையில நஞ்சு இரிக்கு, அது சூட்டிலதான் சாகும். கொட்டைய வறுத்து, இடிச்சு, தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சு, மேல மிதக்கிறத அகப்பையால வழிச்சு எடுக்கணும். எடுத்ததையும் சடசடப்பு அடங்குமட்டும் திரும்பக் காய்ச்சணும். அதுதான் வயித்துக்குப் போற எண்ணெய். இல்லாட்டி பார்மசியில குடிக்கிறதுக்கெண்டு கேட்டு வாங்குங்க.

ஆரையம்பதி சித்தி: அம்மா காச்சின மாதிரி

பெரியம்மா: ஓம், அந்தப் பெரிய கிடாரத்தில. அது இப்ப யாரிட்ட கிடக்கெண்டு தெரியுந்தானே.

ஆரையம்பதி சித்தி: அக்கா, அப்பாட ஆண்டுத்திதிக்கு எடுத்தது. கழுவித்தான் வச்சிரிக்கன். ஆள் வந்தா குடுப்பன்.

பெரியம்மா: மூண்டு வருசமா ஆள் வரல்லயாக்கும்.

கொழும்பு அண்ணா: மாமா, அளவு எவ்வளவு?

கல்லடி மாமா: பெரிய ஆளுக்கு 15 மில்லி. மூண்டு தேக்கரண்டி, கறிக்கரண்டி இல்ல. விடிய வெறும் வயித்தில, அரைக் கோப்பை சூடான சுக்குக் குடிநீரோட. பொறகு தாகத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா சுடுதண்ணி. பச்சத்தண்ணி குடிச்சா வயிறு முறுக்கும். குடிச்சிட்டுப் படுக்கவும் வேணா. ரெண்டு மணித்தியாலத்துக்கும் ஆறு மணித்தியாலத்துக்கும் இடையில போகும். போகல்ல எண்டு ரெண்டாந்தரம் குடிக்கிறதுதான் பெரிய பிழை. ரெண்டும் சேர்ந்து இழுத்தா மத்தியானத்துக்குள்ள ஆள் சுருண்டிரும். கடைசியா சளி போல வந்தா வயிறு சுத்தம், அதோட நிக்கணும். அதுக்குப் பொறகும் தண்ணியா ஓடினா ஒரு ஜீவனி உப்புக்கரைசல் பக்கற்ற ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். தலை சுத்தி, சிறுநீரும் வராட்டி ஆசுபத்திரிதான். பிள்ளைகளுக்கு வேணவே வேணா.

மச்சான்: இதுக்குத்தான் நான் டீடொக்ஸ் பவுடர் ஓடர் பண்ணினன். 21 நாள். நோவு ஒண்டும் இல்லயாம்.

தங்கச்சி: பக்கற்றிட பின்பக்கத்தப் போடுங்க மச்சான்

மச்சான்: (படம்)

தங்கச்சி: முதல் பேரே நிலாவாரை. அதுவும் பேதி இலைதான். ஒரு கிழமைக்கு மேல எடுக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் குடிச்சா குடல் சும்மா இரிக்கப் பழகிரும், பொறகு அது இல்லாமப் போகாது.

மச்சான்: காசு குடுத்திட்டன்

பெரியம்மா: எவ்வளவு?

ஆரையம்பதி சித்தி: சொல்லாத மனே

கல்லடி மாமா: காலத்தையும் பாக்கணும் அக்கா. மழையில சேர்ந்த பித்தம், மழை விட்டு வெயில் ஏறக்க பொங்கும். அப்பதான் பேதி. அட்டாங்க இருதயம் எண்ட ஆயுர்வேத நூலில அத கார்த்திகை எண்டு எழுதியிரிக்கு. அந்தக் கணக்கில மழைக்காலம் ஆவணியும் புரட்டாதியும். எங்களுக்குக் கார்த்திகை எண்டா வாவி நிரம்பி, தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுற காலம். இஞ்ச மழை விட்டு வெயில் ஏறுறது மாசியில. எங்கட பேதி மாதம் அதுதான். இப்ப பங்குனி கடைசி, சும்மா இருந்தாலே வேர்த்து ஊத்துது. இந்த வெக்கையில தண்ணிய இழுக்கிற மருந்து குடுக்கிற இல்ல.

பெரியம்மா: அம்மா வருசத்துக்கு முந்தித்தான் தந்தவ.

கல்லடி மாமா: தந்தவதான். அதுக்கு முந்தி மூண்டு நாள் கஞ்சியில நெய் விட்டுத் தந்தத மறந்திட்டீங்க. நெய் இல்லாமப் பேதி குடுக்கிறது காஞ்ச கம்ப வளைக்கிற மாதிரி, முறியும். பேதிக்குப் பொறகும் மூண்டு நாள் பத்தியம். ஞாயிறு தெளிஞ்ச கஞ்சி, திங்கள் குழைஞ்ச கஞ்சி, செவ்வாய் பயறு போட்ட கஞ்சி. செவ்வாய் வருசம்! அண்டைக்கு முறுக்கும் பொங்கலும் உள்ளுக்கு போனா மந்தம் பிடிச்சு, மருந்து குடிச்சதே பழுதாப் போகும்.

ஆரையம்பதி சித்தி: ஐயோ நான் பலகாரம் சுட்டு வச்சிட்டன்

கல்லடி மாமா: அக்கா, உங்கட பிரஷர் குளிசையில ஒண்டு சிறுநீர் போறதுக்கு. அதோட ஆமணக்கெண்ணெயும் சேர்ந்தா உடம்பில உப்பு இறங்கிரும். நீங்க எடுக்கவே ஏலா.

பெரியம்மா: ம்

தங்கச்சி: சீனிக் குளிசை போடுறவங்களும் எடுக்க வேணா, பட்டினி கிடக்கக்க சீனி திடீரெண்டு இறங்கும்

ஆரையம்பதி சித்தி: வருசத்துக்குத் தலையில வைக்கிற மருத்துநீருக்கு இலை யாரு? என்னட்ட துளசி, வில்வம், அறுகு, மாதுளம்பூ இரிக்கு. தாழம்பூ இல்ல.

மச்சான்: தாழம்பூ, தாமரைப்பூ நான் பாக்கன். எத்தின மணிக்கு வைக்கிற?

ஆரையம்பதி சித்தி: வாக்கிய பஞ்சாங்கத்தில ஒரு நேரம், திருக்கணித பஞ்சாங்கத்தில வேற நேரம்.

பெரியம்மா: எங்கட வீட்டில வாக்கியந்தான்.

மச்சான்: கோயில்ல திருக்கணிதம் எண்டாங்க

பெரியம்மா: கோயிலுக்குக் கோயில். வீட்டுக்கு வீடு.

தங்கச்சி: தலைக்கு என்ன இலை, காலுக்கு என்ன இலை? பஞ்சாங்கம் வச்சிரிக்கிற ஆள் பாத்துச் சொல்லுங்க

கல்லடி மாமா: இரவைக்குப் பாத்துப் போடுறன். வருசத்துக்கு முந்தி எண்ணெய் முழுக்கு போதும். பொம்பிளையள் வெள்ளி, ஆம்பிளையள் சனி. நல்லெண்ணெயில கொஞ்சம் மிளகும் சீரகமும் போட்டு, மிளகு வெடிக்கக்க இறக்கி, இளஞ்சூட்டில உச்சி, காது மடல், உள்ளங்கால் எண்டு தேய்ச்சு அரை மணித்தியாலம். பொறகு சீயக்காய், சுடுதண்ணி. அண்டைக்குப் பகல் தூக்கம், தயிர், ஐஸ் தண்ணி வேணா. காய்ச்சல், தடிமன் இரிக்கிற ஆள் முழுக வேணா. வயித்துக்கு எண்டு கேக்கிற ஆக்கள் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூண்டையும் கொட்டை எடுத்து, சம அளவாத் தூளாக்கி, இரவைக்கு ஒரு தேக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணியில.

கொழும்பு அண்ணா: அது ஓகே மாமா

ஆரையம்பதி சித்தி: சீயக்காய் என்னட்ட இரிக்கு

பெரியம்மா: கிடாரத்தையும் கொண்டு வா.

மச்சான்: அப்ப சனிக்கு எண்ணெயா, இல்லையா?

பெரியம்மா: தம்பி, பார்மசி எண்ணெய் எண்டா 15 மில்லிதானே?

கல்லடி மாமா: அக்கா, கோல் எடுக்கன்.